உட்பிரிவு சாரின் சிவப்புப் பேனா

உலகத்தில் மனிதர்கள் இரண்டு வகை என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால், உடனே கையைத் தூக்கி, "வகைன்னு எந்த அர்த்தத்துல சொல்றீங்க?" என்று கேட்கிற மூன்றாவது வகை ஒன்று உண்டு. அந்த இனத்தைத்தான் இப்போது உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கப் போகிறேன். கூறுபோடுகிறவர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால், நீங்கள் எந்தக் கூட்டத்துக்கும் போகாதவர், எந்த வரிசையிலும் நிற்காதவர், எந்தக் குடும்பத்திலும் பிறக்காதவர். கூட்டத்தில் தலைவர் பாவம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "சீக்கிரம் முடிச்சிடலாம்" என்று சொல்லியிருப்பார். இவர் எழுந்து, சீக்கிரம் என்றால் பேச்சைச் சுருக்குவதா, பேசுகிறவர்களைக் குறைப்பதா, அல்லது தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டு எழுந்து போவதா என்று விளக்கம் கேட்டு, அதற்கு மூன்று பேர் விளக்கம் சொல்லி, அந்த மூன்றிலும் இவர் ஆளுக்கு இரண்டு குறை கண்டுபிடித்து, கூட்டம் முடியும்போது காவலாளி விளக்கை அணைக்க வந்து நிற்பார். டாக்டர் "வலிக்குதா?" என்று கேட்டால் இவர் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். குத்துகிற வலி, இழுக்கிற வலி, இருக்கிறதோ இல்லையோ என்கிற வலி என்று பிரித்து அடுக்குவார். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு நாலாவது வலி ஒன்று ஆரம்பமாகும்.

பெரும்பாலோருக்கு இது பொழுதுபோக்கு. வீட்டோடு போய்விடும். ஒரே ஒருவருக்கு மட்டும் இதற்குச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்தார்கள். வந்தது வினை.

அவர் வேலை பார்த்தது ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், கணினிக்குச் சொற்களின் பொருளைப் புகட்டுகிற ஒரு பிரிவில். கணினி பெரிய மேதாவிதான், யார் இல்லை என்றது? ஆனால் ‘பந்தைப் பிடித்தான்’, ‘பஸ்ஸைப் பிடித்தான்’, ‘சளி பிடித்தது’, ‘இரும்பில் துரு பிடித்தது’, ‘அவளுக்கு அவனைப் பிடித்தது’ என்று ஐந்து வாக்கியங்களைக் கொடுத்தால், இந்த ஐந்து பிடியும் ஒன்றா வேறா, வேறு என்றால் ஒன்றுக்கொன்று என்ன உறவு, அண்ணன் தம்பியா தூரத்துச் சொந்தமா என்று அதற்குத் தெரியாது. மூன்று வயதுக் குழந்தை யோசிக்காமல் புரிந்துகொள்கிற விஷயம். ஆகவே மனிதர்களை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார்கள். திரையில் ஒரு வாக்கியம் வரும். அதில் ஒரு சொல்லுக்கு அடிக்கோடு இருக்கும். கீழே அந்தச் சொல்லின் பொருள்கள் எண் போட்டு வரிசையாக நிற்கும். எது பொருந்துகிறதோ அந்த எண்ணை அழுத்திவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு வாக்கியங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அதே வாக்கியங்கள் இன்னொருவருக்கும் போகும். ஒருவர் கிழக்கு அறையில், மற்றவர் மேற்கு அறையில். வேலையைப் பற்றி ஒருவரோடொருவர் மூச்சு விடக் கூடாது. மாதக் கடைசியில், நூற்றுக்கு எத்தனை இடத்தில் இரண்டு பேரும் ஒரே எண்ணை அழுத்தியிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பார்கள். எழுபதைத் தாண்டினால் நிம்மதி. தாண்டாவிட்டால் இருவரில் ஒருவருக்கு வேலை பிடிபடவில்லை என்று அர்த்தம். யாருக்கு என்பதுதான் கேள்வி. நம்மவருக்கு அதில் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அவர் கிழக்கு அறைக்கு வந்த அன்று ‘பிடி’ என்ற சொல்லுக்கு ஒன்பது பொருள்கள் இருந்தன. பாவம், சாதுவான ஒன்பது. முதல் வாரமே அவருக்குத் தூக்கம் போயிற்று. பந்தைப் பிடிப்பதும் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதும் எப்படி ஒரே பொருள் ஆகும்? பந்து வருகிறது, கம்பி நிற்கிறது! ஆகவே ஒன்று-அ, ஒன்று-ஆ. சரி, பறந்து வரும் பந்தும் உருண்டு வரும் பந்தும் ஒன்றா? சளி பிடிப்பது உடம்பை, துரு பிடிப்பது இரும்பை, பூஞ்சை பிடிப்பது ரொட்டியை. மூன்றையும் ஒரே எண்ணில் அடைத்தவன் மனிதனா? ஆறு மாதத்தில் ஒன்பது ஐம்பத்து மூன்றாயிற்று. பட்டியல் திரையில் கொள்ளாமல் கீழே கீழே தள்ளிப் பார்க்கும்படி ஆயிற்று. பிரிவில் அவருடைய சொந்தப் பெயரை எல்லாரும் மறந்துபோய், உட்பிரிவு சார் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கு அதில் கோபம் இல்லை. அது ஒரு பட்டம் என்றே நினைத்தார்.

மேற்கு அறையில் இருந்தவர் ஒரு அம்மாள். இருபத்திரண்டு வருஷம் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர். எத்தனையாவது தடத்தில் எந்த பஸ் நிற்கிறது, யாருடைய குழந்தை விசாரணை அறையில் அழுதுகொண்டிருக்கிறது என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய், குரல் கரகரத்து, ஒருநாள் அந்த இடத்துக்குப் பதிவு செய்த குரல் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. போன இடமெல்லாம் தொலைபேசி எடுக்க வேண்டும், வாடிக்கையாளரோடு பேச வேண்டும் என்றார்கள். வாயே திறக்காமல் செய்யக்கூடிய வேலை என்று அவருக்குக் கிடைத்தது இந்த ஒரு நாற்காலிதான். அதை விட்டால் வேறு நாற்காலி இல்லை.

அறிவிப்பாளரம்மா உட்பிரிவுகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒன்று என்றால் ஒன்று, மூன்று என்றால் மூன்று. பிரிவுத் தலைவி ஒருமுறை காரணம் கேட்டதற்கு அவர் கரகரத்த குரலில் சொன்ன பதில் இது: "எல்லாம் கையால பிடிக்கறதுதான் மேடம். சிலதுல கை கண்ணுக்குத் தெரியுது. சிலதுல தெரியல. சளிக்கும் கை இருக்கு, பிரியத்துக்கும் கை இருக்கு. இதுக்குப் போய் ஐம்பத்து மூணு பெட்டி எதுக்கு?"

மதியம் இருவருக்கும் ஒரே சாப்பாட்டு மேஜை. எதிரும் புதிருமாக உட்கார்ந்து, சொற்களைப் பற்றிப் பேசக் கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டு, மின்விசிறியைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசுவார்கள்.

"இன்னிக்கு வெயில் ஜாஸ்தி சார்."

"ஜாஸ்தின்னா எந்த..." என்று ஆரம்பிப்பார் சார். விதி ஞாபகம் வரும். மீதிக் கேள்வியைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்குவார்.

வீட்டில் அப்படி விதி ஒன்றும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையிலிருந்து மனைவி அலறினாள். "ஏங்க, ஓடி வாங்க! கதவு வழியா எலி உள்ள வந்துருச்சு!"

அவர் வந்தார், ஓடி அல்ல. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கதவுன்னு எதைச் சொல்ற? பலகையையா, திறந்திருக்கிற வழியையா? பலகை வழியா எலி எப்படி வரும்?"

"நான் ஸ்டூல் மேல நிக்கறேன்!"

"அதான் சொல்றேன் கேளு. கதவுக்குப் பெயின்ட் அடிச்சோம்னா அது பலகை. கதவு வழியா வந்தாங்கன்னா அது வழி. சொல்லு ஒண்ணு, பொருள் ரெண்டு. ஆனா ரெண்டுக்கும் ஒரு உறவு இருக்கு பாரு, அங்கதான் அழகே இருக்கு."

எலிக்கு அந்த அழகில் நாட்டமில்லை. அவர் பேசி முடிப்பதற்குள் வந்த வழியே போய்விட்டது. மனைவி ஸ்டூலிலிருந்து இறங்கி, துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டு, அன்று பொழுது சாயும் வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எந்த அர்த்தத்தில் என்று கேட்டிருப்பார் என்பது அவளுக்குத் தெரியும்.

இப்படி இருக்கையில் எண்கள் சரிய ஆரம்பித்தன. எழுபத்தெட்டாக இருந்த ஒப்புமை அறுபத்தொன்றாயிற்று. அடுத்த மாதம் நாற்பத்து நாலு. மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் இது சரியாகாவிட்டால் இரண்டு பேரில் ஒருவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. யாருடையது என்பதைப் பிரிவுத் தலைவி காரணத்தோடு எழுத வேண்டும். தலைவி பேச்சைவிடப் பென்சில் சீவுவதில் அதிக நம்பிக்கை உள்ளவர். பென்சிலைச் சீவிக்கொண்டே உட்பிரிவு சாரைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார்.

அபிப்பிராயமா? கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆயிற்று அவருக்கு. அன்று மாலைக்குள் நாலு பக்கம் எழுதிக் கொண்டுவந்துவிட்டார். சாராம்சம் ஒரு வரிதான்: மேற்கு அறையில் இருப்பவருக்குச் சொல்லுணர்வு போதாது. அந்த அம்மாளிடம் அவருக்குத் தனிப்பட்ட விரோதம் ஒன்றும் இல்லை. மதியம் அவருடைய முழங்காலை விசாரித்துவிட்டு, மாலையில் அவருடைய நாற்காலியை எடுக்கச் சொல்லி எழுத அவரால் முடிந்தது. நம்மில் பல பேருக்கு முடியும்.

தலைவி நாலு பக்கத்தையும் படித்தார். பிறகு, "விதிப் புத்தகத்துல முப்பத்தொண்ணாவது விதின்னு ஒண்ணு இருக்கே, அதை உபயோகிச்சுப் பார்க்கலாமா?" என்றார்.

நூற்று நாற்பது பக்கமுள்ள அந்த விதிப் புத்தகத்தை எழுதியதே உட்பிரிவு சார்தான். வேலை செய்கிறவர் தன்னோடு தானே ஒத்துப்போகிறாரா என்று பார்க்க, இரண்டு மாதத்துக்கு முன் அவர் எண் போட்ட இருநூறு வாக்கியங்களை, அவருக்குச் சொல்லாமல், அன்றாட வாக்கியங்களோடு கலந்து மறுபடியும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி முப்பத்தொன்று. மேற்கு அறையை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் எழுதிய விதி அது.

"கட்டாயம் உபயோகிங்க மேடம்," என்றார் அவர். "ஆனா முன்கூட்டியே சொல்லிடாதீங்க. சொன்னா உஷாராயிடுவாங்க."

"சொல்ல மாட்டேன்," என்றார் தலைவி. சொல்லவும் இல்லை. இருவருக்குமே சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அவரைக் கூப்பிட்டு ஒரு நீளமான தாளைக் கொடுத்தார் தலைவி. இடப்பக்கம் வாக்கியங்கள், வலப்பக்கம் ‘அ’, ‘ஆ’ என்று இரண்டு வரிசை எண்கள். பெயர்கள் இல்லை. அடிப்பாகம் மடித்து ஒட்டியிருந்தது. ‘அ’ வரிசையைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துபோயிற்று. போன வாரம் அவர் அழுத்திய எண்கள்தான். ஒப்புமை முப்பத்தொன்பது. மனுஷருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

"ஆ வரிசையைப் பார்த்து உங்க கருத்தை எழுதிக் குடுங்க சார்," என்றார் தலைவி.

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வந்தது. சாதாரண மனிதர்களுக்குச் சிவப்புப் பேனா ஒரு பேனா. இந்த இனத்துக்கு அது மூன்றாவது கை. ‘மழை பிடித்துக்கொண்டது’ என்ற வாக்கியத்துக்கு எதிரே எழுதினார்: "இதற்கு ‘தொடங்குதல், திடீர்’ என்று போட்டவர் மழையில் நனைந்ததே இல்லை போலும்." ‘சட்டை தோளில் பிடிக்கிறது’ என்பதற்கு எதிரே: "இறுக்கத்துக்கும் உறுத்தலுக்கும் வித்தியாசம் தெரியாதவர்." ‘எங்கள் ஆசிரியரை எனக்குப் பிடிக்கும்’ என்பதற்கு எதிரே: "விருப்பம், பொது என்கிறார். விருப்பம், மரியாதை கலந்தது என்று கண்ணுள்ளவர்களுக்குத் தெரியும்." இப்படியே நூற்றிருபத்திரண்டு இடங்கள். இடையில் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. ‘ஆ’ வரிசையில் உட்பிரிவுகள் ஏராளமாக இருந்தன. உட்பிரிவையே தொடாத அறிவிப்பாளரம்மாவின் வரிசையில் அவை எப்படி வந்தன? வேறு யாராக இருந்தாலும் அங்கேயே பேனாவை மூடியிருப்பார்கள். இவர், ‘இப்பத்தான் கத்துக்கறாங்க, அதையும் தப்பா கத்துக்கறாங்க’ என்று இரக்கப்பட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். கடைசியில் பெரிய எழுத்தில், "இவரை இந்தப் பணியில் வைத்திருப்பது மொழிக்குச் செய்யும் துரோகம். உடனடியாக நீக்கப் பரிந்துரைக்கிறேன்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார்.

தலைவி பென்சில் சீவுவதை நிறுத்தினார். "ஆ வரிசை யாரோடதுன்னு நினைக்கிறீங்க சார்?"

"இதுல என்ன மேடம் சந்தேகம்?"

தலைவி தாளின் அடி மடிப்பைப் பிரித்துக் காட்டினார். ‘அ’ வரிசைக்குக் கீழே கிழக்கு அறை. ‘ஆ’ வரிசைக்குக் கீழேயும் கிழக்கு அறை. தேதிகளுக்கு நடுவே இரண்டு மாதம்.

"அதுவும் நீங்கதான்," என்றார் தலைவி. "ரெண்டு மாசத்துக்கு முந்தி."

நம்மவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம், இந்த இனத்தின் பெருமை அதுதான், வாயைத் திறந்தார்: "நானுன்னா... அன்னிக்கு இருந்த நானை எந்த அர்த்தத்துல..."

"அந்த அம்மாவுக்கும் இதே மாதிரி கொடுத்தேன்," என்று குறுக்கிட்டார் தலைவி. "அவங்க அவங்களோடயே ஒத்துப்போனது நூத்துக்குத் தொண்ணூத்தாறு. இப்ப நீங்க கையெழுத்துப் போட்ட பரிந்துரை என் கையில இருக்கு. உடனடியா நீக்கணும்னு எழுதியிருக்கீங்க. இதை நான் என்ன பண்ணட்டும்?"

அவர் தாளைப் பார்த்தார். மழையில் நனைந்ததே இல்லை போலும் என்ற வரி அவரையே திரும்பிப் பார்த்தது. அவருக்கு அவமானமாக இருந்தது. காது மடல் சுட்டது. இரண்டு மாதத்துக்கு முன் அந்த எண்ணை அழுத்திய நாளன்று அவர் தொப்பலாக நனைந்துதான் வேலைக்கு வந்தார். அன்றைக்குத் திடீரென்று பிடித்த மழை திடீர் மழையாகவே தோன்றியிருந்தது. போன வாரம் வெயிலடித்தது. வேறு மாதிரி தோன்றியது. அவ்வளவுதான் விஷயம். பொருளைப் பிரிக்கிற கோட்டை அன்று அங்கே போட்டார், இன்று இங்கே போட்டார். கோடு சொல்லில் இருந்ததில்லை, அவர் பேனாவில்தான் இருந்தது. இந்தப் பேனாவைக் கொண்டு தொண்டை போன ஒரு பெண்பிள்ளையின் கடைசி நாற்காலியை இழுக்கப் பார்த்தோமே என்ற நினைப்பு வந்தபோது, ஐம்பத்து மூன்று பொருளில் எதிலும் அடங்காத ஒன்று அவர் நெஞ்சைப் பிடித்தது.

அன்று அவர் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியம் செய்தார். ‘பிடி’யின் பட்டியலை எடுத்துவரச் சொல்லி, அதே சிவப்புப் பேனாவால் நாற்பத்து நாலு வரிகளைத் தானே அடித்தார். மிச்சம் ஒன்பது. நாலு பக்கக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "அந்த அம்மாகிட்ட நானே சொல்லிடறேன் மேடம்," என்றார்.

மதியம் சாப்பாட்டு மேஜையில் மின்விசிறியைப் பற்றி ஒருமுறையும் முழங்காலைப் பற்றி இருமுறையும் பேசிவிட்டு, கடைசியில் தாமே எழுதிய விதியைத் தாமே மீறினார்.

"அறிவிப்பாளரம்மா, ‘தப்பு’ங்கற சொல்லுக்கு எத்தனை பொருள் போடுவீங்க?"

அவர் டப்பா மூடியைத் திறந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணு."

"ஒண்ணேதானா?"

"ஒண்ணே ஒண்ணுதான் சார்."

"அதைத்தான் நான் பண்ணிட்டேன். உங்களை எடுத்துடச் சொல்லி எழுதிக் குடுத்தேன்."

அறிவிப்பாளரம்மா டப்பா மூடியைக் கீழே வைத்தார். அந்த ஒப்பந்தம் போனால் தன் கதி என்ன என்று அந்த மாதம் முழுக்க அவர் தூங்காமல் யோசித்துக்கொண்டிருந்தது சாருக்கு எப்படித் தெரியும்? பிறகு அந்தக் கரகரத்த குரலில், பஸ் நிலையத்துப் பழைய தோரணையில் சொன்னார்: "பயணிகளின் கவனத்துக்கு. கிழக்கு அறையிலிருந்து மேற்கு அறைக்கு வர வேண்டிய மன்னிப்பு, சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது." சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். சிரித்தாரா, மன்னித்தாரா என்று இவருக்கு விளங்கவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. உட்பிரிவுகள் போன பிறகு எண்ணிப் பார்த்ததில் அந்த மாத ஒப்புமை எண்பத்து மூன்று. இருவர் ஒப்பந்தமும் நீட்டிக்கப்பட்டது.

மன்னிப்புக் கேட்ட அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி, "கதவைச் சாத்துங்க" என்றாள். சாத்தினார். வேறொன்றும் கேட்கவில்லை. உடம்புக்கு என்னவோ என்று அவள் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சரி, இத்தனை நேரம் இவரைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, ‘இது கூறுபோடுகிறவரைப் பற்றியதா, அடுத்தவரைக் குறை சொல்கிறவரைப் பற்றியதா, ரெண்டும் வேறல்லவா?’ என்று உங்கள் மனத்தில் ஒரு கை எழுந்ததே, நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்? பரவாயில்லை, இறக்கிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். யாராவது பெயரை மறைத்து, ஒரு தாளை உங்கள் கையில் கொடுத்து, இதை எழுதினவனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால், சிவப்புப் பேனாவைத் திறப்பதற்கு முன்னால் அடி மடிப்பைப் பிரித்துப் பாருங்கள்.